மேலேயா, கீழேயா

ஜெயமேரி டீச்சர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் சிதம்பரம் மேல வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கொத்சுக்கு வேண்டும், பிஞ்சாக இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போனில் பேசியவர் டீச்சரின் தம்பி அந்தோணி. "சார், அக்கா காலையில போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றார். பையை வீட்டில் வைத்துவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்த பிறகுதான் அழுகை வந்தது. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அதுவும் நின்றுவிட்டது. அந்த அளவே போதும் என்றுதான் டீச்சரும் சொல்லியிருப்பார்.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கடலூரில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். அவர் வரலாறு, நான் கணக்கு. அவருக்குச் சொந்த ஊர் பெண்ணாடம். அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்த தான் வேலையில் சேர வந்த அன்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததாக டீச்சரே சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சிறிய மாடி வீட்டில் தனியாக இருந்தார். தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவருக்குப் பயந்தவர்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கும். பழசைத் தெரிந்துகொண்டு இன்றைக்கு யாருக்கு என்ன பயன் என்று நான் கேட்பேன். "நேத்து எங்க பள்ளம் இருந்துதுன்னு தெரிஞ்சாதான் சார் இன்னிக்குக் கால் வைக்க முடியும்" என்பார். கடலூர்த் தெருக்களில் நேற்றைய பள்ளத்தை மூடிவிட்டு இன்று பக்கத்தில் புதிதாகத் தோண்டிவிடுகிறார்களே என்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். டீச்சர் சிரிக்காமல் மோரை ஊற்றிக்கொள்வார். அவருக்கு இது விளையாட்டில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

சுனாமி வந்தபோது பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு வகுப்பறைகளில் குடும்பங்களைத் தங்க வைத்தார்கள். நானும் டீச்சரும் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனோம். சோறு போட்ட கையோடு, வயதானவர்களிடம் அவர் ஒன்றைக் கேட்டுக்கொண்டே வந்தார். கடல் இப்படி ஊருக்குள் வந்ததாக உங்கள் அப்பாவோ தாத்தாவோ எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா என்று. ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. புயல் தெரியும், ஆற்று வெள்ளம் தெரியும், இது தெரியாது என்றார்கள். சோறு வாங்குகிற நேரத்தில் இது என்ன ஆராய்ச்சி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

செல்வியை அந்த முகாமில்தான் சந்தித்தோம். டீச்சரின் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்துகொண்டு மீன் விற்பவர். இடுப்பில் கைக்குழந்தை. முதல் அலை வந்து திரும்பியதும் வெறும் மணலாகக் கிடந்த இடத்தைப் பார்க்க அவருடைய கணவர் போயிருக்கிறார். மறுபடி வந்தது அவரைக் கொண்டுபோய்விட்டது. டீச்சர் கேட்ட கேள்விக்குச் செல்வி திருப்பி ஒரு கேள்வி கேட்டார். "தெரிஞ்சிருந்தா போயி நின்னு பாத்திருப்பாரா டீச்சர்? மேல ஏறுன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தருகூட இல்லியே." டீச்சர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மீதி அறைகளுக்கு நான் மட்டும் போனேன்.

அடுத்த வருடம் தன் மொட்டைமாடியில் நீளமாக ஓர் அறை கட்டினார். செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வாடகைக்கு விடப்போகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கடல் வந்தால் தெருக்காரர்கள் ஏறி நிற்பதற்கு என்று தெரிந்ததும் சிரித்தார்கள். டீச்சர் விடவில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்த அதே தேதியில், மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் தெருவையே கூப்பிட்டு மாடி ஏற வைப்பார். யார் யார் நடக்க முடியாதவர்களைத் தூக்குவது, யார் கைக்குழந்தைகளை வாங்குவது என்று முதலிலேயே சொல்லிவிடுவார். எல்லோரும் ஏறிய பிறகு, கடல் பின்வாங்கினால் பார்க்கப் போகாதே, மேலே ஏறு என்று எல்லோரையும் சேர்ந்து சொல்லச் சொல்வார். அப்புறம் டீயும் முதல் நாள் மிஞ்சிய கேக்கும். அந்தத் தெருவில் இதற்கு 'ஏறுற நாள்' என்றே பெயர். கேக்குக்காக வந்தவர்கள்தான் அதிகம் என்று நான் சொல்வேன். வந்தால் சரி என்பார்.

செல்வி கேக்குக்காக வரவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஏறி அந்த அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வாராம். மழைக்காலத்தில் கடல் சத்தம் கொஞ்சம் கூடினாலும் டீச்சரிடம் சொல்லிவிட்டு மேலே போய்ப் படுத்துக்கொள்வார். உலகத்திலேயே தனக்குப் பயம் இல்லாத இடம் அதுதான் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். டீச்சர் அதை எங்களிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

2011 கடைசியில் 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது. அன்று நான் சிதம்பரத்தில் இருந்தேன். நடந்ததை டீச்சர் சொல்லியும் செல்வி சொல்லியும் கேட்டுத்தான் எழுதுகிறேன். இருவரும் சொன்னதில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, காற்று பலமாக அடிக்கும், பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தெருவில் எல்லோரும் ஆட்டோக்காரரிடம் கேட்டது, தண்ணி வருமா என்பதைத்தான். ஆபத்து என்றால் எங்கள் ஊர்க்காரர்களின் கண் கடல் பக்கம்தான் போகும். டிவி, மிக்ஸி, அரிசி, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் டீச்சர் வீட்டு மாடிக்கு ஏற்றினார்கள். ஏறுகிற நாள் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சொல்லிக் கொடுத்த மாதிரியே வரிசையாக, ஒருவரும் முந்தாமல் ஏறினார்களாம். டீச்சருக்கு மனசு நிறைந்துபோனது.

விடிகிற நேரத்தில் காற்று முற்றியது. ஷீட்டுகளை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருந்த கொக்கிகள் ஆடுவதை டீச்சர் பார்த்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் கூரை லேசாகத் தூக்கித் தூக்கி உட்கார்ந்தது. கதவை ஒருவர் பிடித்துக்கொள்ள, டீச்சர் வெளியே போய் மாடிச் சுவரைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். தெருவில் மழைத் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடல் வரவில்லை. பின்தெருவில் ஒரு வீட்டின் கூரை இல்லை. உள்ளே வந்து, எல்லோரும் கீழே என் வீட்டுக்குப் போங்கள், அது தளம் போட்ட வீடு, உடனே போங்கள் என்றார். முணுமுணுத்தாலும் போனார்கள். சுவரோரமாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

செல்வி மட்டும் தன் மூலையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"மேல ஏறுனா உசுரு தப்பும்னு வருசா வருசம் நீங்கதான சொன்னீங்க. இப்ப எறங்குங்கறீங்க. எங்கூட்டுக்காரரு கீழ நின்னுதான் போனாரு. நான் எறங்க மாட்டன்" என்றார்.

"நான் சொன்னது அன்னிக்கு வந்த தண்ணிக்கு. இது காத்து செல்வி. வெளிய போயி பாத்துட்டுதான் சொல்றன்."

"அப்ப நான் எதை நம்பறது?"

பேசிப் புரியவைக்க டீச்சருக்கு நேரம் இல்லை. செல்வியின் மகளைக் கையைப் பிடித்து எழுப்பிப் படியை நோக்கி நடந்தார். மகள் போனதும் செல்வி கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். அவர்கள் இருவரையும் முன்னால் விட்டு டீச்சர் கடைசியாக இறங்கினார். பாதிப் படியில் இருக்கும்போது கூரை போய்விட்டது. உடைந்த ஷீட் ஒன்று டீச்சரின் வலது தோளில் விழுந்தது. மேற்குச் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. செல்வி உட்கார்ந்திருந்த மூலை அந்தச் சுவரின் அடியில்தான் இருந்தது.

ரோட்டில் விழுந்த மரங்களை எல்லாம் வெட்டி ஒதுக்கிய பிறகு நான் போனேன். ஊரில் கரண்ட் இல்லை. வழியெல்லாம் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. டீச்சர் அடிபட்ட கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். செல்வி அவருக்காக அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து மாடியைப் பார்த்தேன். கேலி செய்ய வைத்திருந்த ஒன்றிரண்டு வார்த்தைகளும் மறந்துபோயின.

டீச்சரே ஆரம்பித்தார். "கேளுங்க சார். இன்னிக்கு உங்க பக்கம்தான் பாயிண்ட் ஜாஸ்தி."

நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"சுனாமியில நடந்தது பொய் இல்ல. அது ஒரு நாளைப் பத்தின விஷயம். நான்தான் அதையே எல்லா நாளுக்கும் மாட்டி வெச்சேன். ஒண்ணும் தெரியாதவளா இருந்திருந்தா இவ பாட்டுக்கு எங்கியாவது தளம் போட்ட வீட்டுல போயி உக்காந்திருப்பா. தெரிஞ்சதாலதான் மேல ஏறுனா."

அன்றைக்கு என்னவோ எனக்கு ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. சொன்னேன்: அத்தனை பேரும் அந்தக் காற்றில் ஒருவர்கூட விழாமல் எப்படி இறங்கினார்கள்? வருடா வருடம் ஏறிப் பழகிய படி. யார் யாரைத் தூக்குவது என்று முன்பே தெரிந்த ஆட்கள். நீங்கள் ஏறச் சொல்லிக் கொடுத்தது இறங்குவதற்கு உதவியிருக்கிறது. எதற்காகத் தெரிந்துவைத்தோமோ அதற்கே அது உதவ வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்சி மாறிட்டீங்களே சார்" என்றார். சிரித்தபோது தோள் வலித்திருக்க வேண்டும், முகம் சுளித்தது. செல்வி அரைப்பதை நிறுத்தவில்லை. அவர் எங்கள் இருவரையும் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை.

பள்ளி திறந்த பிறகு அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. போர்டில் எழுத வேண்டியதைப் பிள்ளைகளே எழுதினார்கள். பாடம் நடத்துகிற விதமும் மாறியது. பழைய பஞ்சத்தையோ வெள்ளத்தையோ சொல்லிவிட்டு, முன்பெல்லாம் இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்பார். இப்போது, இன்றைக்கு நம் ஊரில் எது அதே மாதிரி இருக்கிறது, எது இல்லை என்று கேட்டார். விடை புத்தகத்தில் இல்லை. தடுமாறினால், "வெளிய போயி பாத்துட்டு வா" என்பார். பிள்ளைகள் நிஜமாகவே எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார்கள். தலைமையாசிரியர் இதைப் பற்றி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கும் அது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிந்தது. டீச்சரிடம் நான் சொல்லவில்லை.

மாடி அறையின் இடிபாட்டை அள்ளிய பிறகு கூரை போடவில்லை. நின்ற சுவர்கள் அப்படியே நின்றன. கேட்டால், யோசிக்கிறேன் என்பார். அடுத்த டிசம்பரில் ஏறுவதோடு இறங்குவதையும் பழக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டிசம்பர் வரை அவர் இருக்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு செல்வி மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். அந்தோணி அவரிடம்தான் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் கிளம்பும்போது செல்வி என் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த மழைக்காலத்தில் மறுபடி புயல் எச்சரிக்கை சொன்னார்கள். மாலையில் போன் வந்தது. "சார், செல்வி பேசறன். டீச்சர் தெருவு. மேலயா சார், கீழயா?"

டீச்சரோடு அத்தனை வருடம் வழக்காடியிருக்கிறேன். அவர் தோற்க வேண்டும் என்று சில நாட்கள் விரும்பியும் இருக்கிறேன். இப்போது அவர் இடத்தில் என்னை நிறுத்தி ஒருவர் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை என்றே சொன்னேன்.

"சரி இருங்க சார். டீச்சர் இருந்தா மொதல்ல வெளிய போயி பாருன்னுதான் சொல்லுவாங்க."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு போன் முழுக்கக் காற்று. வெகுநேரம் கழித்துத்தான் பேசினார். "காத்துதான் சார் ஜாஸ்தியா இருக்குது. கடலு அது எடத்துலதான் கெடக்குது. நாங்க டீச்சர் வீட்டுல கீழ இருந்துக்கறோம். அப்பப்ப எந்திரிச்சுப் போயி பாத்துக்கறன். தண்ணி வந்தா படி பக்கத்துலதான இருக்குது."

புயல் வடக்கே போய்விட்டது. செல்வியும் மகளும் நன்றாக இருக்கிறார்கள். டீச்சரின் பொருள் என்று நான் எதையும் எடுத்து வரவில்லை. எங்கள் வழக்கிலும் யார் ஜெயித்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, தடுமாறுகிற பிள்ளைகளிடம் அவர் சொன்ன அந்த ஒரு பேச்சுதான். அன்று போனை வைத்த பிறகு நானும் எழுந்து, கதவைத் திறந்து, வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.