பக்கத்து வீட்டுத் தாச்சி

அப்பா காலமாகி ஆண்டு நிறைவதற்கு முன்னால், பக்கத்து வீட்டு மேசையில் இருந்துகொண்டு பலகார மா உருட்டினேனே, அது பிழையா இல்லையா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. கணவரைக் கேட்டால் சிரிக்கிறார். அம்மாவுக்கு எழுதிக் கேட்கலாமென்று பல தடவை பேனாவை எடுத்திருக்கிறேன். எழுதினால் அவர் மனம் வருந்துமோ என்று திரும்ப வைத்துவிடுகிறேன்.

நடந்தது போன வருட நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு. மெல்பேர்னின் வடக்கே கோபர்க்கில், நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை வேலி. அதில் ஒரு பலகை ஆணி கழன்று தொங்கும். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இத்தாலியின் தெற்குக் கோடியில், கலாபிரியா என்ற இடத்திலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டுக்காரிக்கு என் வயதுதான். பின்னலாடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். அவள் கணவர் கட்டடங்களுக்குச் சீமெந்து போடுகிறவர்.

என் மகள் பிறந்தபோது உதவிக்கு எனக்கு இங்கே ஒருவருமில்லை. தொங்கும் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தவள் இவள்தான். பிள்ளை தும்மினாலும் எனக்கு அது பெரிய நோயாகத் தெரியும். அவள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், பிறகு என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். "பிள்ளைக்கு ஒண்டுமில்லை. காய்ச்சல் உனக்குத்தான். போய்ப் படு" என்பாள். அவளுடைய ஆங்கிலம் தொழிற்சாலையில் பொறுக்கியது, என்னுடையது புத்தகத்தில் படித்தது. இரண்டும் எப்படியோ பொருந்திப் போகும். அவள் பேசியதையெல்லாம் இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அதற்கு முந்திய நத்தாருக்குத்தான் முதல் தடவையாக என்னைப் பலகாரம் சுடக் கூப்பிட்டாள். துர்தில்லி என்று பெயர். கோதுமை மாவில் ஒலிவ் எண்ணெயும் சூடாக்கிய வைனும் விட்டு, கறுவாத் தூளும் தோடம்பழத் தோலும் சேர்த்துக் குழைப்பார்கள். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் கூடையின் முதுகில் அழுத்தி உருட்டினால் வரிவரியாகச் சுருண்டு வரும். பொரித்து, சூடு ஆறுமுன் தேனில் பிரட்டி எடுப்பார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சிப்பிப் பலகாரமேதான்! நாங்கள் சீப்பில் உருட்டிச் சீனிப்பாகில் போடுகிறோம், அவர்கள் கூடையில் உருட்டித் தேனில் போடுகிறார்கள். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மா தந்துவிட்ட சீப்பை எடுத்து வந்தேன்.

"சீப்பா? தலை வாருற சீப்பா?" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது தலையில படாத சீப்பு. பலகாரத்துக்கெண்டே வைச்சிருக்கிறது."

"தலைக்கு ஒண்டு, மாவுக்கு ஒண்டு! பெரிய பணக்காரர் நீங்கள்."

வைன் விட்ட மா என்று தெரிந்தும் அன்று உருட்டினேன், தின்றேன். கொதிக்கிற எண்ணெயில் அது பறந்துவிடும் என்று கணவர் சொன்னார். அவர் படித்தது கணிதம், இரசாயனம் அல்ல என்பது பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

அடுத்த ஓகஸ்ட் குளிரில், அப்பா காலமானார் என்று ஊரிலிருந்து தந்தி வந்தது. கைப்பிள்ளையோடு புறப்பட்டுப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நான் போகவில்லை. கொள்ளி வைத்தது தம்பி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலைக்குப் போனவர்களும் ஊரில் இருந்தவர்கள்தான். இங்கே குளியலறையில் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றது மட்டும்தான் நான் செய்தது. ஆகவே ஒன்றை மனதில் இறுக்கி வைத்துக்கொண்டேன். வருட முடிவில் வரும் ஆட்டைத் திவசம் முடியும்வரை பலகாரத்துக்குத் தாச்சியில் எண்ணெய் காயவைக்கக் கூடாது. துக்க வீட்டுக்கு உரிய அந்த ஒரு கட்டுப்பாட்டையாவது ஒழுங்காகக் காத்தால், அப்பாவுக்கு மகள் என்று ஏதோ செய்தேன் என்று இருக்கும்.

தந்தி வந்த அன்று பக்கத்து வீட்டில் அவளுடைய சின்னவனின் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குச் சாவுச் செய்தி கொண்டுபோகலாமா? விட்டுவிட்டேன். கணவர், "அது முடிஞ்சுதே, இப்ப சொல்லுமன்" என்றார். அடுத்த கிழமை சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த கிழமை, இவ்வளவு நாள் சொல்லாமல் இப்போது எப்படிச் சொல்வது என்று இருந்தேன். என்னைப் பார்த்து அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நான் வழக்கம்போல நிறச்சேலை கட்டிப் பொட்டு வைத்துக்கொண்டுதானே திரிந்தேன்.

தீபாவளி வந்தது. ஊரிலென்றால் துக்க வீட்டில் தாச்சி வைக்காவிட்டாலும் பலகாரத்துக்குக் குறைவிருக்காது. அயலும் இனசனமும் ஆளுக்கொரு பெட்டியாகக் கொண்டுவந்து தருவார்கள். இங்கே எங்களுக்குத் தெரிந்த இரண்டொரு தமிழ்க் குடும்பங்கள் நகரின் மற்றப் பக்கம், அவர்களுக்கும் வேலை நாள். ஒருவரும் வரவில்லை, வராததில் பிழையுமில்லை. மகளின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு அன்றைய நாளைப் போக்கினேன்.

டிசம்பரில் பக்கத்து வீட்டுக்காரி அப்ரிகொட் பழம் பிடுங்க மரத்தில் ஏறி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை, மாவுக்கட்டுப் போட்ட கையோடு வேலியில் தலையை நீட்டினாள்.

"இண்டைக்குத் துர்தில்லி. உன்ர கைதான் என்ர கை. பிள்ளையையும் கொண்டு வா, சீப்பையும் கொண்டு வா."

அவளுடைய மைத்துனர் குடும்பங்களெல்லாம் நத்தாருக்கு அங்கேதான் வருவார்கள். மேசையில் துர்தில்லி இல்லாவிட்டால் மாமியார் இத்தாலியில் இருந்துகொண்டே ஏன் என்று கேட்பாளாம். பிள்ளை பெற்ற வீட்டில் எனக்குத் தாய் மாதிரி நின்றவளுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? குசினிக்குள் போய்க் கணவரிடம் கேட்டேன்.

"எண்ணெய் அவையின்ர. தாச்சி அவையின்ர. அடுப்பும் அவையின்ர" என்றார் அவர், பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"கை ஆரின்ர?"

அவர் பேப்பரில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

உருட்டிக் கொடுத்துவிட்டு, எண்ணெய் வைக்குமுன் பிள்ளையைச் சாட்டி எழும்பி வந்துவிடலாம் என்று தீர்மானித்துப் போனேன். உருட்டுவது சுடுவதாகாது என்று போகிற வழியில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிசம்பர் இங்கே கோடை, வெளியே வடக்குக் காற்று அனலாக வீசியது. மகளை அடுப்புக்குத் தூரமாக, கதிரைகளை அடுக்கி மறித்த மூலையில் விட்டேன். பக்கத்து வீட்டுக்காரி இடது கையால் வெட்டித் தர நான் சீப்பில் உருட்டினேன். மேசை நிறைந்தது. நான் எழும்புவதற்குள் அவள் தாச்சியை அடுப்பில் ஏற்றி எண்ணெயை ஊற்றிவிட்டாள்.

"இந்தக் கையால பொரிச்சா டொக்டர் ஏசுவார். நீ போடு" என்று எண்ணெய் வடிக்கிற கண்ணகப்பையை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு நின்றேன். எண்ணெய் காய்ந்து மெல்லப் புகைந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை அழுதால் நல்லது என்று நினைத்தேன். அது பாட்டுக்கு ஒரு கரண்டியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆங்கிலத்தில் மிகச் சுருக்கமாக, "என்ர அப்பா செத்துப் போனார்" என்றேன்.

"எப்ப? இண்டைக்கா?"

"ஓகஸ்டில."

அவள் இடது கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தேன்.

"இந்த நிறத்திலயா? உன்ர கறுப்பு எங்க?"

புருஷன் இருக்கிற பெண் எங்களுக்குள்ளே கறுப்பு உடுப்பதில்லை, எங்கள் துக்கம் உடுப்பில் இல்லை, அடுப்பில்தான் என்று தட்டுத்தடுமாறி விளங்கப்படுத்தினேன். ஒரு வருடத்துக்குப் பலகார எண்ணெய் வைக்கக் கூடாது என்றேன். அவள் கோபித்துக்கொள்வாள், அல்லது இதென்ன மூடநம்பிக்கை என்று சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கட ஊரிலயும் வைக்கிறதில்லை!" என்று கத்தினாள். "செத்த வீட்டில நத்தார்ப் பலகாரம் சுடமாட்டம். உனக்குத் தெரியாதா? மற்றவைதான் கொண்டுவந்து குடுக்கவேணும். நான் உன்னைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லியிருக்கிறன்!" மாவுக்கட்டுக் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது. "ஓகஸ்ட். வேலிக்கு அந்தப் பக்கம் நான்தானே இருந்தனான். ஏன் சொல்லேல்லை?"

"உன்ர பிள்ளைக்கு ஞானஸ்நானம். நல்ல காரியம்."

"அதுக்கு? நான் கையில மாவோட ஓடி வந்திருப்பன்."

என் கையிலிருந்த கண்ணகப்பையைப் பறித்து, என்னைக் கதிரையில் இருத்தினாள். கொடிமுந்திரிப் பந்தலுக்குக் கீழே பியரோடு இருந்த தன் கணவரைக் கூப்பிட்ட கூப்பாட்டில் என் கணவரும் வேலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்துவிட்டார், பிள்ளைக்குத்தான் ஏதோ என்று.

"நீ சுடு" என்று தன் கணவரிடம் கண்ணகப்பையைக் கொடுத்தாள்.

"நானா? நான் சீமெந்து போடுறவன்."

"அதுவும் மாவுதான். குழைக்கத் தெரிஞ்சவனுக்குப் பொரிக்கத் தெரியாதா?"

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் ஓரடி பின்னால் போனார். "செத்தவர் என்ர மாமா. நானும் துக்க வீட்டு ஆள்தானே" என்றார். நான்கு மாதத்தில் அவர் அந்தத் துக்கத்தை அவ்வளவு உறுதியாகக் கடைப்பிடித்தது அன்றுதான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதல் ஈடு கருகிப்போனது. இரண்டாவது ஈட்டில் மா வேகவில்லை. அவள் ஏச, அவர் திருப்பி ஏச, மூன்றாவது ஈட்டிலிருந்து பொன்னிறமாக வரத் தொடங்கியது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. தேனைச் சூடாக்கி ஊற்றும்போதுகூட அவள் என்னை விடவில்லை.

பின்னேரம் காற்றுத் திரும்பிக் குளிர்ந்த பிறகு, எங்கள் முன்கதவில் மணி அடித்தது. அவர்கள் முன்கதவால் வந்ததே இல்லை. திறந்தால் அவள் கறுப்புச் சட்டை, கறுப்புச் சால்வையோடு நின்றாள். அவள் கணவர் தலையைப் படிய வாரி, சப்பாத்துப் போட்டு, வெள்ளைத் துணி மூடிய தட்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து தட்டை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் கதிரையில் இருந்தார்கள். ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி போட எழும்பினேன். வேண்டாமென்று கையைக் காட்டினாள். எங்கள் ஊரில் துக்கம் கேட்க வருகிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். நான்கு மாதம் பிந்தி, என் அப்பாவுக்காகத் துக்கம் கேட்க வந்திருந்தார்கள்.

தந்தி வந்த அன்றுகூட நான் வாய்விட்டு அழவில்லை. அன்றைக்கு அழுதேன். அவள் பக்கத்தில் வந்திருந்து, தன் பாஷையில் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

போகும்போது, "துக்க வீட்டுக்குத்தான் முதல் தட்டு. எங்கட வீட்டில இன்னும் ஒருத்தரும் பலகாரத்தைத் தொடேல்லை" என்றாள்.

அப்பா வைனை மணக்கவும் மாட்டார். அதனால் அந்தத் தட்டை அவர் படத்துக்கு முன்னால் படைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அது இருந்த மேசையிலேயே இருக்க விட்டேன். படம் அந்த மேசைக்கு மேலேதான் மாட்டியிருந்தது. நான் நகர்த்தவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஓகஸ்டில் ஆட்டைத் திவசம் முடிந்தது. தீபாவளிக்கு நானே தாச்சி வைத்துச் சிப்பியும் முறுக்கும் சுட்டு வேலிக்கு அப்பால் கொடுத்தேன். விரும்பித் தின்றார்கள். ஆனால் அது கைம்மாறு ஆகாது என்று எனக்குத் தெரியும். அவள் எனக்குத் தந்தது துக்கத்துக்குத் தந்த தட்டு. அதற்கு ஈடாக ஒரு தட்டை நான் கொடுக்க வேண்டுமென்றால் அவள் வீட்டில் ஒரு துக்கம் வரவேண்டும். கலாபிரியாவில் அவளுடைய அம்மா முதுமையில் தனியாக இருக்கிறார். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பு வரும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத அம்மாவை நினைத்து என் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். உறவென்று ஒருவரும் இல்லாத ஊரில் என் அப்பாவின் சாவை ஒரு சாவாக மதித்து வாசல் ஏறி வந்தவர்களுக்கு, வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருப்பதுதான் சரியோ என்றும் தோன்றுகிறது. துக்க நாளில் வந்த பலகாரத்துக்கு, கொடுத்தவர்களுக்குக் கெடுதல் நினைக்காமல் கைம்மாறு செய்ய நம்மவர்களிடம் ஏதாவது வழக்கம் இருக்கிறதா? தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அவளுடைய அம்மா நன்றாக இருக்கும்போதே அதை நான் செய்துவிட வேண்டும்.