காவலில் தூங்கியவன்

உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, படைவீரர்களின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் நான்கு வருடம் நீதிபதியாக இருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர். சட்டம் என் பொறுப்பு, பட்டாளம் அவர் பொறுப்பு.

ஒருநாள் மாதனூர்க்காரன் ஒருவனின் மேல்முறையீடு வந்தது. எல்லையில் காவல் நின்றபோது தூங்கிவிட்டான் என்று ராணுவ நீதிமன்றம் அவனை வேலையைவிட்டு நீக்கியிருந்தது. தூங்கவில்லை, வலிப்பு வந்து விழுந்தேன் என்றான் அவன். முந்தைய விடுப்பில் வலிப்புக்கு வைத்தியம் பார்த்ததற்கு ஆம்பூர் டாக்டர் ஒருவரின் சீட்டைக் காட்டினான். அதில் முத்திரை இல்லை. டாக்டரின் பதிவேட்டை வரவழைக்கும்படி அவன் வக்கீல் கெஞ்சினார்.

"வரவழைச்சுப் பார்த்துடலாமே," என்றார் அதிகாரி.

நான்தான் வேண்டாம் என்றேன். நானும் ஆம்பூர்க்காரன்; எங்கள் பக்கத்தில் இப்படிச் சீட்டு வாங்குவது சுலபம். எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். 'தூங்கியது நிரூபணமாகிறது' என்று எழுதித் தள்ளுபடி செய்தேன். அவரும் கையெழுத்திட்டார்.

பதவி முடிந்து ஆம்பூருக்கே திரும்பினேன். ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கப் போன இடத்தில், டாக்டரின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் கேட்டேன். அவர் பழைய பதிவேடு ஒன்றை எடுத்து வைத்தார்.

"யாராவது வந்து கேப்பாங்கன்னு தனியா வெச்சிருந்தேன் சார். யாரும் கேக்கல."

சம்பவத்துக்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. அவன் பெயர். எதிரே 'வலிப்பு'.

மறுநாள் மாதனூர் போனேன். கதவைத் திறந்தவள் அவன் மனைவி. கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை. போன வருடம் கிணற்றடியில் வலிப்பு வந்து விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லையாம். நான் யாரென்று சொன்னேன்.

"இப்ப இன்னாத்துக்கு சார் வந்தீங்க?"

"தப்பு எம்மேலதாம்மா."

"கம்பெனி பஸ்ல என்னைத் தூங்குமூஞ்சி பொண்டாட்டின்றாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். தூங்கனாருன்றத மட்டும் அடிச்சுடுங்க. நீங்கதான எழுதனீங்க?"

நான்தான் எழுதினேன். அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? அவள் பெயரில் தீர்ப்பாயத்துக்குச் சீராய்வு மனுவை நானே எழுதினேன். தவறியது நான் என்று பிரமாணப் பத்திரமும் கொடுத்தேன். கெடு கடந்துவிட்டது, தீர்ப்பெழுதியவரே தன் தீர்ப்புக்கு எதிராகச் சாட்சி சொல்ல இயலாது என்று சில வரிகளில் தள்ளுபடி செய்தார்கள். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அந்த நினைப்புதான் என்னைச் சாப்பிடவிடவில்லை.

உத்தரவோடு போனபோது அவள் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள்.

"அடிச்சுட்டாங்களா சார்?"

"இல்லம்மா."

"அப்ப டாக்டர் நோட்டுல இருக்கறது?"

"அதுதாம்மா நிஜம்."

"அத யாரு சார் படிப்பாங்க?"

பஸ் வந்தது. உள்ளே எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.