பின்கதவுப் பாட்டு

இஸ்திரி அக்காவுக்குப் பாட வராது. அது அவளுக்கே தெரியும். சட்டை தைக்கும் ஆலையில் பதினெட்டு வருடம் நீராவிக்கு நடுவே நின்றதில் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. அப்படிப்பட்டவள் ஏன் பாட்டுக் கூட்டம் நடத்தக் கிளம்பினாள் என்று கேட்டால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வாள். "வேற யாராவது செஞ்சிருந்தா நான் ஏன் இந்தத் தலைவலிய இழுத்துப் போட்டுக்கப் போறேன்?"

ஆலையின் மூன்றாவது மாடியில் தீப்பிடித்து நான்கு பெண்கள் இறந்துபோயிருந்தார்கள். பின்படிக்கட்டுக்குப் போகும் கதவு பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்த சூப்பர்வைசர் அன்றைக்கு விடுப்பு. இறந்தவர்களில் ஒருத்தி அக்காவின் தம்பி மனைவி. சூப்பர்வைசரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவர் மனைவி மட்டும் ஆலைக்கு எதிரே இருந்த குடியிருப்பின் முதல் மாடியில் தனியாக இருந்தாள். இறந்தவர்களின் வீடுகளும் அதே கட்டடத்தில்தான். எல்லாருக்கும் ஒரே படிக்கட்டு. அவள் இறங்கி வருகிறாள் என்றால் ஏறுகிறவர்கள் திரும்பி இறங்கிவிடுவார்கள்.

கம்பெனி ஒரு மனநல ஆலோசகரை அனுப்பியது. தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா என்று கேட்டுக் கட்டம் போட்ட தாளில் டிக் அடித்துவிட்டு, அவர் மத்தியானமே கிளம்பிப் போனார்.

ஆலை மறுபடி திறந்த மூன்றாம் நாள், சாப்பாட்டு அறையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பட்டனுக்குக் காஜா எடுக்கும் பெண் டிபன் பாக்ஸ் மூடியில் விரலால் சும்மா தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அதே தாளத்தில் மேஜையைத் தட்டினாள். பிறகு எதிர் மேஜை. யாரோ முனகினார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். இரண்டு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லாய்ச் சமைந்திருந்த லைன் லீடர் திடீரென்று ஓவென்று அழுதாள். அழுது முடித்து, கையைக் கழுவி, சாப்பிட உட்கார்ந்தாள். அதை அக்கா பார்த்தாள்.

அன்று சாயங்காலமே குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போய், வெள்ளிக்கிழமைதோறும் கீழ்த்தளத்துக் கூடத்தைக் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"பாடுறதுக்கு."

"துக்கம் நடந்த இடத்துல பாட்டா? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"இப்ப யாரும் யாரோடயும் பேசவே மாட்டேங்கிறாங்க. பேசட்டுமே."

செயலாளர் மனு எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். தேதி போடவில்லை என்று திருப்பினார். தேதி போட்டாள். பொருளாளர் ஊரில் இல்லை என்றார். ஐந்து வாரம் இழுத்தடித்த பிறகு கூடம் கிடைத்தது. முதல் வெள்ளிக்கிழமை வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி, அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்று வந்தவள்.

அக்கா விடவில்லை. வீடு வீடாகப் படியேறினாள். ஆளுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும், அவ்வளவுதான் அவள் வைத்த விதி. அதற்கே ஆயிரம் தகராறு. ஒருத்தி சினிமாப் பாட்டு வேண்டும் என்றாள். இன்னொருத்தி எல்லாருக்கும் சுருதி கற்றுத்தரக் கிளம்பினாள். ஆனாலும் வரிகள் வந்தன. "ஆறாம் நம்பர் மிஷின்ல அவ தலை கிளிப்பு இன்னும் கெடக்கு" என்று ஒருத்தி சொன்னபோது, சுருதிக்காரிகூட வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஆறாவது வாரம் தம்பி வந்தான். மனைவி போனதிலிருந்து வாசல்படி தாண்டாதவன். கவிழ்த்துப் போட்ட வாளியின் முன் உட்கார்ந்து தாளம் போட்டான். அவன் கை அசைவதை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து, சூப்பர்வைசரின் மனைவி கூடத்து வாசலில் வந்து நின்றாள். பாட்டு பாதியில் நின்றது. பாய்களைச் சுருட்டிக்கொண்டு பெண்கள் எழுந்தார்கள்.

"உக்காருங்க எல்லாரும்!" அக்கா கத்தினாள். "பூட்டுனது இவளா?"

"நான் பாட வரலை," என்றாள் அந்த அம்மாள். "ஒரு வரி சொல்லிட்டுப் போயிடறேன். சாவி எங்க வீட்டு ஆணியில தொங்குச்சு. துணி திருடு போகுதுன்னு பூட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னது ஆபீஸ்தான். அன்னிக்குக் காலையில, சாவியக் குடுத்து அனுப்பவான்னு எங்க வீட்டுக்காரரு ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டாரு. ஒரு நாள் தானே, வேணாம்னுட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

தம்பி வாளியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இவளையும் பக்கத்துல வச்சுக்கிட்டு என் பொண்டாட்டியப் பத்திப் பாடுவியா அக்கா?"

"நீயும் கேட்டேல்லடா, அவ சொன்னத?"

"கேட்டேன். சாவி அவங்க வீட்டுலதான இருந்துச்சு!"

அவன் போய்விட்டான். பின்னாலேயே ஓட வேண்டும்போல் இருந்தது அக்காவுக்கு. ஆனால் அதற்குள் அன்றைய தீயில் உள்ளங்கை வெந்து தழும்பேறிப்போன, பட்டன் தைக்கிறவள் மெல்லப் பாட ஆரம்பித்திருந்தாள்: "சாவி ஆணியில தொங்குச்சு, நாங்க கதவுல தொங்கினோம்." இருபத்தாறு பேரும் அதைத் திருப்பிப் பாடினார்கள். முதல் மாடியிலிருந்து வந்தவளும் பாடினாள். அக்கா வாசலைப் பார்த்தபடியே நின்றாள்.

வருட நினைவுநாள் நெருங்கியது. கம்பெனியின் பர்சனல் ஆபீசர் கூடத்துக்கே வந்தார். மேடை, மைக், எல்லாருக்கும் கம்பெனி பெயர் போட்ட பனியன் தருவதாகச் சொன்னார்.

"அந்தச் சாவி வரிய மட்டும் எடுத்துடுங்கம்மா. ஒத்துமை, நம்பிக்கை, அப்படி பாசிட்டிவா பாடுங்க."

"செத்துப்போனதுல பாசிட்டிவா என்ன சார் இருக்கு? நீங்களே ஒரு வரி சொல்லுங்க, பாடுறோம்."

அவர் பனியன் மூட்டையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பதினைந்து பேர் பனியனை வாங்கிக்கொண்டார்கள். "வேலை போயிடும்க்கா" என்று லைன் லீடர் தரையைப் பார்த்துச் சொன்னாள். அக்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலை போனால் அவளுக்கு வேறு வழியில்லை என்பதும் தெரிந்ததால், அந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

நினைவுநாள் காலை ஷிப்டுக்கு ஆள்கள் நுழையும் நேரம், மீதிப் பதினோரு பேரும் ஆலை வாசலில் நின்று முழுப் பாட்டையும் பாடினார்கள். சூப்பர்வைசரின் மனைவி நடுவில் நின்றாள். பனியன் போட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்கள். ஆனால் சாவி வரி வந்தபோது அவர்களில் சிலருக்கு உதடு அசைந்தது. லைன் லீடர் நின்றே விட்டாள். காவலாளி உள்ளே போகச் சொல்லியும், அந்த வரி முடிகிறவரை அவள் நகரவில்லை.

அங்கே நின்று கேட்ட தொழிற்சங்க வக்கீல், சூப்பர்வைசரின் மனைவியை விசாரணை அதிகாரியிடம் கூட்டிப் போனார். சூப்பர்வைசர் ஆபீசுக்குப் போன் செய்த நேரமும் எண்ணும் பதிவில் இருந்தன. ஆலையின் எல்லா மாடிகளிலும் படிக்கட்டுக் கதவுகளின் பூட்டைக் கழற்ற வேண்டும், உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் கதவு போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. போட்டார்கள். சூப்பர்வைசர் ஜாமீனில் வெளியே வந்தார். சாவியை அனுப்ப வேண்டாம் என்று சொன்ன மேனேஜருக்கு நடந்தது வேறு கிளைக்கு மாற்றல், அவ்வளவுதான். செயலாளர் ஆண்டறிக்கையில், சங்கத்தின் விடாமுயற்சியால் இசை வழியே குடியிருப்பில் நல்லிணக்கம் மலர்ந்தது என்று எழுதினார். அதை வாசித்தபோது அக்கா சங்கக் கூட்டத்திலிருந்து எழுந்து போனாள்.

இப்போது படிக்கட்டில் யாரும் யாரையும் கண்டு திரும்பி இறங்குவதில்லை. பனியன்காரிகளில் முக்கால்வாசிப் பேர் கூடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஊரார் அதைப் பெரிதாகப் பேசுகிறார்கள். அக்காவுக்கு அது காதில் ஏறுவதில்லை. தம்பி வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு பேட்டைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். அவன் டீ போட்டுக் கொடுக்கிறான், வெயிலைப் பற்றிப் பேசுகிறான். பாட்டுப் பேச்சை எடுத்தால் எழுந்து துணி துவைக்கப் போய்விடுகிறான்.

போன ஞாயிறு அவள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "அந்தப் பொம்பளைய வெளிய போன்னு நான் சொல்லியிருக்கணுமாடா?"

"தெரியலக்கா," என்றான். டீ டம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்தான். "அடுத்த வாரம் வேலை இருக்கு. வராதே."

"வருவேன்," என்று சொல்லிவிட்டு, அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.