ஈசானி மூலையில் படுத்திருந்த கம்ப்யூட்டர்

மாடிப்படி ஏறும்போதே பம்ப் சத்தம் கேட்டது. இளநீர் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை விடாமல் உறிஞ்சினால் வருமே, அந்தச் சத்தம். கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிரவைக்கும் வாட்டர் கூலிங்கில் அப்படிக் கேட்டால் பம்புக்குள் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் சுற்றாது, பிராசசர் கொதிக்கும், கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும்.

திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடுக்கும் செல்வத்தின் ஸ்டுடியோ அது. அன்று சாயங்காலம் அருள் என்பவரின் தங்கைக்கு ரிசப்ஷன். மண்டபத்துத் திரையில் ஓட வேண்டிய வீடியோ முடியவில்லை. வெட்டி ஒட்டியதைக் கோர்த்து ஒரே வீடியோவாக்கும் ரெண்டர் பாதிக்குப் போவதற்குள் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிவிடுகிறது. அருளின் சொந்தத்தில் அடுத்தடுத்துக் கல்யாணங்கள் இருந்தன. இது சொதப்பினால் அத்தனையும் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடும். அருள் சோபாவில் உட்கார்ந்து செல்வத்தை வறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏலே செல்வம், வெறும் ஸ்கிரீனப் பாத்து எங்க சனம் கைதட்டவா? சொல்லு, நானே போயி முன்னாடி ஆடுறேன்."

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற எனக்கு ஆட்களிடம் பேச வராது. நேராக மெஷினைத் தேடினேன். மேஜை மேல் இல்லை. அறையின் வடகிழக்கு மூலையில், தரையில், சந்தனப் பொட்டோடு படுத்திருந்தது. ரேடியேட்டர் ஃபேனுக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது.

நிற்க வைத்து ஓட்டுவதற்காக நான் மாட்டிக்கொடுத்த செட் அது. உள்ளே ஒரு டேங்க், அதன் அடியில் பம்ப். நின்றால் காற்று மேலே தங்கும், பம்புக்குத் தண்ணீர் மட்டும் போகும். படுக்கப்போட்டால் காற்று பம்பின் வாய்க்கே வந்துவிடும். பாதி காலியான பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தவர்களுக்குக்கூட இது தெரியும்.

"எதுக்கு சார் படுக்கப்போட்டீங்க?"

"வாஸ்து அய்யா சொன்னாருக்கா. தண்ணி ஈசானி மூலையில, தாழ்வா இருக்கணுமாம். இதுக்குள்ளயும் தண்ணிதான இருக்கு?"

சத்தம் வந்தபோதும் செல்வம் அந்த அய்யாவிடம்தான் கேட்டிருக்கிறார். "கங்கை பேசுறா, நல்ல சகுனம்" என்றாராம். ஆஃப் ஆவதற்குக் காரணம் கண் திருஷ்டியாம். அதற்குத்தான் எலுமிச்சம்பழம்.

"நிமித்தி வச்சாச் சரியாயிரும் சார்."

"அய்யோ, அது மட்டும் வேணாம்க்கா. வேற ஏதாச்சும் பண்ணுங்க."

வேறு என்ன பண்ண? கங்கையோடு பேச எனக்குத் தெரியாது. தொழிலே போகிற நேரத்திலும் மூலையை விட மனமில்லாதவரிடம் பம்பைப் பற்றிப் பாடம் எடுத்துப் பயனில்லை. அந்த வாஸ்து அய்யாவுக்கே போன் போடச் சொன்னேன். செல்வம் ஸ்பீக்கரில் போட்டார். வணக்கம்கூடச் சொல்லாமல் நானே பேசினேன்.

"அய்யா, உள்ள இருக்குறது தண்ணி இல்லைங்க. கூலன்ட். கார்ல ஊத்துறாங்கல்ல, அது மாதிரி. நீலமா இருக்கும். குடிச்சா ஆபத்து."

ஸ்பீக்கரில் அய்யாவின் குரல் எகிறியது.

"குடிக்க ஆகாதா? நஞ்சக் கொண்டாந்து ஈசானியில வச்சது யாருய்யா? மொதல்ல அதத் தூக்கு! அக்கினி மூலையில நிமித்தி வை!"

வைக்கச் சொன்னதே அவர்தான். செல்வத்துக்கு அதெல்லாம் நினைவில்லை. பதறிப்போய்த் தூக்கினார், அருள் ஒரு கை கொடுத்தார். டேங்க் மூடியைத் திறந்து, பம்பை மட்டும் ஓடவிட்டு, கேபினெட்டை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்தேன். குமிழிகள் குழாய் வழியாக டேங்குக்கு ஏறி உடைந்தன. குறைந்திருந்த அளவுக்குக் கூலன்ட் ஊற்றி மூடினேன். சத்தம் அடங்கியது. எலுமிச்சம்பழத்தைக் கழற்ற செல்வம் விடவில்லை. ஃபேனை மறைக்காமல் தள்ளிக் கட்டினேன்.

ரெண்டர் முடிந்தது. அருள் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த அய்யா நம்பரக் குடு செல்வம். போன்லயே ரிப்பேர் பாக்குறாரு. எங்க வீட்டு மோட்டாரும் மக்கர் பண்ணுது."

கிண்டல் என்று நினைத்தேன். நிஜமாகவே குறித்துக்கொண்டு போனார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். காற்றுக்கு மேலே வழி விட்டால் போதும், தானாகப் போய்விடும். முதலாளி அப்படி இல்லை. அவர் யார் பேச்சைக் கேட்பாரோ, அந்த ஆளைச் சொல்ல வையுங்கள். பெயர் அந்த ஆளுக்குப் போகும், போகட்டும். கிளம்பும் முன் பம்பில் காது வைத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.