நான்கு கல்லுக்குள் ஒரு வாசல்

ரங்கம்மா ஏமாந்தது ஒரே ஒரு சொல்லில்தான். "பையனுக்கு ஸ்டேஷன் பக்கத்துலயே சொந்த மனை இருக்குது" என்றார்கள் பெண் பார்க்க வந்தவர்கள். இவளோ ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரி. இவள் மொழியில் மனெ என்றால் வீடு. கல்யாணம் முடிந்து, ஓசூரை அடுத்த எங்கள் சின்ன ஸ்டேஷனில் பித்தளைக் குடத்தோடு இறங்கியவள், "மனெ எல்லி?" என்று கேட்டாள். மாப்பிள்ளை சின்னராஜ் பெருமையாகக் கை நீட்டினான். கேழ்வரகு அறுத்த கொல்லையில் நான்கு கல் நட்டிருந்தது.

அழுது தீர்த்துவிட்டு மத்திகிரியில் வாடகைக்குக் குடியேறினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் டவுன் பஸ் பிடித்து இங்கே வந்துவிடுவாள். கோலப்பொடியால் கூடம், சமையலறை, ஜன்னல் எல்லாம் கோடு இழுப்பாள். ஸ்டேஷனைப் பார்த்த பக்கம் கொஞ்சம் இடைவெளி விடுவாள், அதுதான் வாசல். செருப்பை அங்கே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

சின்னராஜ் கோட்டைத் தாண்டினால், "சுவத்துல இடிச்சுக்காதே!" என்று அதட்டுவாள். ரயிலுக்குக் காத்திருக்கும் நாங்கள் பிளாட்பாரத்தில் நின்று சிரிப்போம். எங்களுக்கென்ன, சும்மா இருக்கிற வாய். ஆனாலும் மாலை வெயிலில் ரயில் கடக்கும்போது பொடி மெல்ல எழும்பும். அப்போது எனக்கே அங்கே ஒரு ஜன்னல் தெரிந்திருக்கிறது.

மழையில் அந்த வீடு கரையும். அடுத்த ஞாயிறு மறுபடி எழும். அதற்குள் கம்பெனிகள் வந்தன, ஷிப்டுக்காரர்களுக்காக இன்னும் சில வண்டிகள் நின்றன, கொல்லையெல்லாம் லைன் வீடுகளாயின. மனைக்கு மறுபக்கம் தார்ரோடு போட்டதும் ஊரே அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இந்தத் தை மாதம்தான் ஒருவழியாக அஸ்திவாரம் போட்டார்கள். "வாசல் ரோட்டப் பாத்து வெச்சாத்தான் லட்சணம்" என்றார் மேஸ்திரி முத்துமணி. சின்னராஜ் தலையாட்டினான். ரங்கம்மா ஸ்டேஷன் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கோலப்பொடி டப்பாவை மூடி வைத்தாள். அதைப் பார்த்து எனக்கு வலித்தது.

வாசக்கால் வைக்கும் நாள். ரோட்டுப் பக்கம் மஞ்சள் பூசிய வாசக்கால் சாய்ந்திருந்தது. ஷிப்டு முடிந்து ரயிலிலிருந்து இறங்கிய சின்னராஜ், தூக்கக் கலக்கத்தில் நேரே நடந்து வந்தான். ஸ்டேஷன் பக்கத்து ஓரத்தில் நின்றான். செருப்பைக் கழற்றினான். அஸ்திவாரத்தைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தான்.

முத்துமணி சிரித்துவிட்டார். "என்னாண்ணா, சுவத்துல பூந்து வரீங்க?"

சின்னராஜ் தன் வெறுங்காலைப் பார்த்தான். பிறகு ரங்கம்மாவைப் பார்த்தான்.

"வாசக்கால இங்க தூக்கிட்டு வா மேஸ்திரி," என்றான். "இத்தன வருசமா நான் வூட்டுக்குள்ள இப்பிடித்தான் போறேன்."