அண்ணன் கேமராவில் மட்டும் ஓடும் டிஸ்க்

பனியனில் விழுந்த எண்ணெய்க் கறைக்கு அடிக்கும் ஸ்ப்ரேயின் வாசம் மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அண்ணன் தாலி கட்டிய காட்சியை அந்த மருந்தை அடித்துத்தான் அழித்தேன். வேண்டுமென்று இல்லை. பனியன் கம்பெனியில் கறை பார்க்கும் செக்கிங்கில் பத்திருபது வருசம் நின்றவளுக்கு எதில் அழுக்கைக் கண்டாலும் கை அந்த ஸ்ப்ரே துப்பாக்கிக்குத்தான் போகும். டிவிடியில் பிசுக்கு இருந்தது, அடித்தேன், வெள்ளை மேகமாகப் பூத்துவிட்டது. வருத்தப்பட்டேன் என்று எழுதினால் பொய்.

மிச்சம் இருந்தது இன்னொரு டிஸ்க். உள்ளங்கையில் அடங்குகிற சின்ன வட்டம். அதில் இருந்தது இணைச்சீர்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் நிற்காமல் கல்யாணம் இல்லை. கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். அண்ணன் கல்யாணத்தில் நின்றவள் நான். ஆனால் கல்யாணம் முடிந்த கையோடு என் வீட்டுக்காரரைத் தன் கம்பெனியை விட்டு அனுப்பினார் அண்ணன். ஏன் என்று கேட்டேன். பேச்சு நின்றது. அப்புறம் ஒரு கதை முளைத்தது: “அவ இணைச்சீருக்கே நிக்காம கோவிச்சுட்டுப் போனவ.” எழவு வீட்டில், காதுகுத்தில், கோயில் பொங்கலில் அண்ணன் சொல்லிச் சொல்லி, பார்த்தவர்களே பார்த்ததை மறந்தார்கள்.

இப்போது சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். அவனுக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. முறைப்படி நான் நிற்க வேண்டும். “எனக்கே நிக்காதவ, அவனுக்கு நின்னா வெளங்குமா?” என்று அண்ணன் சொல்லிவிட்டார். எனக்குப் பதில் பெரியப்பா மகளை நிறுத்தி, அவளுக்குச் சீர்ப் புடவை எடுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் பீரோவிலிருந்து டிஸ்கை எடுத்தேன். வீட்டுப் பிளேயர் சுற்றிச் சுற்றி, நோ டிஸ்க் என்றது. மகளின் லேப்டாப் இன்னும் மோசம். இது காலி டிஸ்க், ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டது. அண்ணனே உள்ளே உட்கார்ந்து பதில் சொல்கிற மாதிரி இருந்தது. ஸ்டுடியோக்காரர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“படம் இருக்குதுங்கக்கா. எடுத்து முடிச்சவங்க ஃபைனலைஸ் பண்ணாம உட்டுட்டாங்க, அதப் பண்ணுனாத்தான் எல்லாப் பிளேயர்லயும் ஓடும். இப்போதைக்கு எந்தக் கேமராவுல எடுத்தீங்களோ அதுல போட்டாத்தான் ஓடும். கேமரா யாருகிட்ட இருக்குது?”

யாரிடம் இருக்கும்! பனியன் ஆர்டர் கொடுக்கும் பையரைப் பார்க்க வெளிநாடு போன அண்ணன் வாங்கி வந்த கேமரா.

சித்தப்பா அண்ணன் வீட்டுக்கு வருகிற நாளாகப் பார்த்துத்தான் போனேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

“அண்ணா, உங்க கல்யாணப் படம் பாக்கோணும்னு ஆசைங்க. அந்தப் பழைய கேமரா இருக்குங்களா?”

அண்ணன் உருகிப்போனார். “இதுக்குத்தான் வந்தியா அம்மிணி?” அவரே பரணில் தேடினார். பேட்டரி உப்பிக் கிடந்தது, வயரைச் செருகினார். டிஸ்க் எர்ரர். டிஸ்க் போடும் மூடியைத் திறந்தால் உள்ளே குட்டி லென்ஸ் மேல் பஞ்சு. இந்த ஊரில் பஞ்சு போகாத பொந்து ஏது? வீட்டுக்குக் கீழேயே இருக்கும் கம்பெனி மெஷின் ரூமுக்கு எடுத்துப் போய், காற்று பைப்பில் மெல்ல ஊதிச் சுத்தம் செய்து கொண்டுவந்தார். தனக்குத்தானே குழி வெட்டிக்கொள்பவர் இத்தனை பொறுமையாக வெட்டி நான் பார்த்ததில்லை. டிவியில் வயரை மாட்டியதும் அவர்தான்.

ஓடியது. முதலில் பந்தல், அடுத்து யாருடைய முதுகோ, அப்புறம் நான். புடவை முனையைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து. பக்கத்தில் அண்ணன் குனிந்து சொல்கிறார்: “கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு.”

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏப்பா, இது உன்ற தங்கச்சியா, இல்ல அவ ஆவியா?”

அண்ணன் மனைவி, “அது சும்மா போட்டோவுக்கு நின்னதுங்க மாமா” என்றாள்.

“அப்ப நீ கழுத்த நீட்டுனதும் போட்டோவுக்குத்தானா சாமி?” என்றார் சித்தப்பா. என் பக்கம் திரும்பி, “என்ற பையனுக்கு நீதான் கண்ணு நிக்கோணும். பொடவ உனக்குத்தான்.”

அண்ணன் ரிமோட்டைத் தேடினார். என் மடியில் இருந்தது. கூட்டம் கலைந்து பந்தல் காலியாகும் வரை ஓடவிட்டேன். பிறகு கேமராவில் ஃபைனலைஸ் என்ற இடத்தை அழுத்தினேன். இனி இதில் எதையும் மாற்ற முடியாது, சரியா என்று கேட்டது. இத்தனை மரியாதையான கேள்வியை அந்த வீட்டில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. சரி என்றேன்.

டிஸ்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வண்டியை எடுக்கும்போது அண்ணன் கேட் வரை வந்தார். குரல் தணிந்திருந்தது.

“இனி எல்லாப் பிளேயர்லயும் ஓடுமா அம்மிணி?”

“ஓடுமுங்கண்ணா.”

“எத்தன காப்பி போடப்போற?”

“நீங்க எத்தன பேர்த்துகிட்டச் சொன்னீங்களோ, அத்தன போடறனுங்க.”