முட்டைத் தட்டில் செண்டுமல்லி

வெளியே விடாத மழை என்பதால், மெர்கோங்கில் எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே முட்டைத் தட்டில் கலப்பினச் செண்டுமல்லி விதைகளை ஊன்றிக்கொண்டிருந்தேன். ஈர மண்ணின் வாசனை எழுந்ததும் நான் வளர்ந்த கரங்கான் தோட்டத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் பால் டின்களில் நாற்று வளர்ப்பார். முதல் வருடம் கடையில் வாங்கிய விதை. உள்ளங்கை அகலத்துக்குப் பூத்தது. அந்தப் பூக்களிலிருந்தே விதை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த திருவிழாவுக்கு அம்மன் மாலை தன்னுடையது என்று கோயிலில் சொல்லிவிட்டார். ஆனால் மறுவருடம் பூத்தவை சிறுத்து, செடிக்கொரு நிறமாக இருந்தன.

நான் வயதுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

"வீட்டுக்குத் தூரமா இருந்தப்ப செடியத் தொட்டியாடி?" என்று கேட்டார் அம்மா.

தொட்டிருந்தேன். தண்ணீர்தான் ஊற்றினேன். கோயிலில் மாலை இல்லாமல் நின்ற அம்மாவின் முகம் இத்தனை வருடமும் என்னை விட்டதில்லை.

இப்போது விதைப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். இந்தப் பூவில் விதை எடுத்துப் போட்டால் மறுபடி இதே மாதிரி பூக்காது என்று மலாயில் அச்சிட்டிருக்கிறது.

மகள் பின்னால் வந்து நின்றாள். "மா, நான் தண்ணி ஊத்தவா?"

அவளுக்கு இன்று மாதவிலக்கில் இரண்டாம் நாள்.

"வேணாம் லா, நானே ஊத்திக்கிறேன்" என்றேன், பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே.